4 வயதில் "ரிட்டையர்" ஆகும் நாய்! ஓட்டம் நின்றபின் சோறு போடுவது யார்?

அரசாங்க குமாஸ்தாவுக்கு 60 வயதில் ஓய்வு. பென்ஷன் வரும். பேரன், பேத்தியைக் கொஞ்சிக்கொண்டு காலம் தள்ளலாம்.

ஆனால் 3 வயதிலும் 4 வயதிலும் வேலை போகிற ஜீவன் ஒன்று இருக்கிறது. அதற்குப் பென்ஷன் கிடையாது. போக வீடும் கிடையாது. அதுதான் பந்தயத்தில் ஓடும் "கிரேஹவுண்டு" நாய்!

கிண்டியில் குதிரை ஓடியதைப் பார்த்தவர்கள் சென்னையில் நிறையப் பேர். நாயை ஓடவிட்டு அதன் மேல் பணம் கட்டுவது நம்ம ஊருக்குப் பழக்கம் இல்லாதது. வெளிநாடுகளில் அது பெரிய வியாபாரம்.

ஒடுங்கிய வயிறு, நீண்ட கால், கூரான மூஞ்சி. மணிக்கு 60 கிலோ மீட்டருக்கு மேல் பாயும். 480 மீட்டர் தூரத்தை 30 விநாடிக்குள் கடந்துவிடும். மின்சார ரயிலோடு போட்டி போடுகிற வேகம்!

பொம்மை முயல்

1919ம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து எமரிவில் என்ற ஊரில், ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்பவர் இதற்கென்றே ஒரு மைதானம் அமைத்தார். மெஷினில் ஓடும் பொம்மை முயல். அதைத் துரத்திக்கொண்டு நாய்கள். 1926ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்திலும் பந்தயம் தொடங்கியது. கூட்டம் அலைமோதியது.

முயல் கடைசிவரை அகப்படாது. அது நாய்க்குத் தெரியாது. பணம் கட்டியவர்களுக்கு மட்டும் தெரியும்!

இந்த நாயின் ஆயுள் 10 முதல் 14 வருடம். பந்தயத்தில் ஓடுவதோ 2, 3 வருடம்தான். கால் எலும்பு முறிந்தாலும் சரி, ஓட்டத்தில் கொஞ்சம் பிந்தினாலும் சரி, சீட்டு கிழிந்துவிடும்.

மீதி வருடங்களுக்கு யார் சோறு போடுவது? பல நாய்களுக்குக் கிடைத்த பதில் ஒரு ஊசி. சாவு ஊசி!

மக்காவில் நடந்தது

இந்தக் கொடுமையைப் பார்த்து மனம் பொறுக்காதவர்கள் இங்கிலாந்தில் 1975ல் ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். ஓடி முடித்த நாய்களைக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுப்பதுதான் வேலை. பல்லாயிரம் நாய்களுக்கு இப்படி வீடு கிடைத்தது.

சீனாவை ஒட்டிய மக்காவில் இருந்த நாய்ப் பந்தய மைதானம் 2018 ஜூலையில் மூடப்பட்டது. உள்ளே இருந்தவை 500க்கும் மேற்பட்ட நாய்கள். அதுவரை அங்கே போன நாய் உயிரோடு வெளியே வருவது அபூர்வம் என்பார்கள். பிராணிகள் நலச் சங்கத்தார் பொறுப்பெடுத்து, கடல் தாண்டியெல்லாம் வீடு தேடிக் கொடுத்தார்கள்.

அதே 2018 நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், "நாய்ப் பந்தயம் வேண்டாம்" என்று 100க்கு 69 பேர் ஓட்டுப் போட்டார்கள். 2020 டிசம்பரோடு அங்கே பந்தயம் முடிந்தது. 2024 டிசம்பரில் நியூசிலாந்து அரசாங்கமும் மூடப்போவதாக அறிவித்தது.

படி ஏறத் தெரியாது!

பந்தய நாய் வீட்டுக்கு வந்தால் எப்படி இருக்கும்? ராத்திரி பகலாக ஓடிக்கொண்டே இருக்குமோ என்று பயப்படவேண்டாம். சரியான தூங்குமூஞ்சி! காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. மற்ற நேரமெல்லாம் படுக்கைதான்.

கொட்டடியிலேயே வளர்ந்ததால் மாடிப்படி ஏறத் தெரியாது. கண்ணாடிக் கதவில் போய் முட்டும். வழவழப்பான தரையில் கால் வழுக்கும். குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது போல ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கணும்.

உடம்பில் கொழுப்பு குறைவு. வெறுந்தரையில் படுத்தால் புண் வரும், மெத்தை போடணும். வெயிலும் ஆகாது, குளிரும் ஆகாது. மயக்க மருந்து விஷயத்தில் டாக்டர் தனிக் கவனம் எடுக்கணும். தூங்கும்போது திடீரென்று தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கலாம். "பேர் சொல்லி எழுப்பு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கணும்.

நம்ம நாட்டிலும் உண்டு

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது. பஞ்சாபில் லூதியானா அருகே கிலா ராய்ப்பூர் கிராம விளையாட்டு விழா 1933 முதல் பிரசித்தம். அங்கே கிரேஹவுண்டு ஓட்டமும் நடந்திருக்கிறது. ஓட முடியாமல் போனபின் கைவிடப்பட்ட நாய்களை வட நாட்டில் பிராணி நலச் சங்கங்கள் மீட்டு, தத்துக் கொடுத்து வருகின்றன.

தமிழ்நாட்டுச் சிப்பிப்பாறையும் கன்னியும் இதே சாதிதான். கண்ணால் பார்த்து, காலால் துரத்திப் பிடிக்கும் வேட்டை நாய்கள். தென் மாவட்டத்துக் கரிசல் காட்டில் முயல் பிடித்தவை. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991ல் அதைத் திருத்தி வேட்டைக்கு முழுசாகத் தடை போட்டார்கள். சிப்பிப்பாறைக்கும் வேலை போச்சு!

2020 ஆகஸ்டில் பிரதமர் மோடி வானொலியில் இந்த நாய்களின் பெயரைச் சொன்னதும் மறுபடி மவுசு வந்தது. இப்போது மொட்டை மாடியிலும் பிளாட்டிலும் வளர்க்கிறார்கள். நம்ம வெயில் அவற்றுக்குப் பழக்கம். அந்த வகையில் லாபம்தான்.

ஆனால் வேட்டைக்குப் போகாவிட்டாலும் ரத்தத்தில் இருக்கும் குணம் போகாது. கோழி, பூனை, ஆட்டுக்குட்டி எது ஓடினாலும் பாயும். ஆகவே சங்கிலி இல்லாமல் வெளியே விடக்கூடாது. தலை சின்னது, கழுத்து நீளம். சாதாரணப் பட்டை நழுவிவிடும். அகலமான பட்டை வேண்டும்.

பழவேற்காடு ஏரிக்கரையில் சுண்ணாம்புக்குளம் மாதிரி ஊர்களில் இருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கணும். பூநாரைகள் வந்து மேயும் ஏரி அது. 1980லிருந்து பறவைகள் சரணாலயம். "பாவம், கொஞ்சம் ஓடட்டுமே" என்று கரையில் அவிழ்த்துவிட்டால் பறவைக்கும் ஆபத்து, சொந்தக்காரருக்கும் வம்பு!

அபராதம் 10 ரூபாய்!

பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960ம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவை பிடிபட்டால் அந்தச் சட்டம் சொல்லும் அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. சட்டத்துக்குப் பயந்து யாரும் நாயை வைத்துக்கொள்ளப் போவதில்லை. மனசாட்சிதான் காவல்.

"நாம சாப்பிடவே சம்பளம் பத்தலை, இதில் நாய் வேறயா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முடியாதவர்கள் வாங்காமல் இருப்பதே புண்ணியம்.

வாங்க நினைப்பவர்கள், குட்டியின் விலையைக் கேட்கும் முன்பு 12 வருடத்துச் சாப்பாட்டுக்குக் கணக்குப் போடணும். வெறிநாய் ஊசி போடணும். சென்னைக்குள் என்றால் மாநகராட்சி லைசென்ஸும் எடுக்கணும்.

குட்டிதான் வேண்டும் என்று அடம் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 1959ல் சென்னையில் ஆரம்பித்த புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில், வளர்ந்த நாய்கள் கம்பிக்குப் பின்னால் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

அவை எதற்கும் ஓடிக் காட்டத் தேவையில்லை. ஒரு மூலையில் சாக்கு விரித்து, வேளைக்குச் சோறு வைத்தால் போதும். சாகும்வரை நன்றியோடு இருக்கும்!