காலையில் எழ ஏன் இத்தனை பாடு?

"எந்திரி, மணி ஆறரை ஆச்சு!" அம்மா மூன்றாம் முறை கூப்பிட்டாயிற்று. உன் கண் திறக்க மாட்டேன் என்கிறது. ராத்திரி பத்தரைக்கு எவ்வளவு தெம்பாக ஓடியாடினாய்! அதே உடம்பு காலையில் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது?

இப்படி யோசிக்கிறாயே, அதுவே அருமை, கண்ணு. யாராவது "சோம்பேறி" என்றால் வாடிப்போகாதே. இந்தக் கேள்விக்கு விடை தேடிப் பெரிய பெரிய விஞ்ஞானிகள் ஆயுளையே செலவழித்திருக்கிறார்கள்.

பொழுது சாயும் நேரம் ஒரு புளியமரத்தடியில் நின்று பார். சின்னச் சின்ன இலைகள் ஜோடி ஜோடியாக மடங்கும். விடிந்தால் விரியும். 1729இல் பிரான்சில் தெ மெரான் என்பவர் இப்படி இலை மடக்கும் ஒரு செடியை இருட்டுக்குள் வைத்தார். துளி வெயில் இல்லை. ஆனாலும் காலையில் இலை விரிந்தது! விடிந்ததென்று அதற்கு யார் சொன்னார்கள்? யாருமில்லை. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது.

உனக்குள்ளும் இருக்கிறது. இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் மூளைக்கு அடியில் ஓரிடத்தில் குறுக்காகச் செல்லும். அதற்குச் சற்று மேலே சுமார் 20,000 செல்கள் கொண்ட ஒரு சின்னப் பகுதி. பள்ளிக்கூட மணி மாதிரிதான் அது. மணி அடித்ததும் எல்லா வகுப்பும் பாடம் மாறுகிற மாதிரி, இது சொன்னால் வயிறு, ஈரல், தூக்கம் எல்லாம் தத்தம் வேலையை மாற்றிக்கொள்ளும்.

இந்தக் கடிகாரத்தை நம் பக்கத்து மதுரையிலேயே ஆராய்ந்தார்கள், தெரியுமா? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் இருந்தார். ஜன்னலும் கடிகாரமும் இல்லாத அறையில் சிலரைப் பல நாள் தங்கவைத்துப் பார்த்தார். தூக்கம் வந்தால் தூங்கலாம், விழிப்பு வந்தால் எழலாம். ஜெர்மனியிலும் இதே மாதிரி சோதனைகள் நடந்தன. பொதுவாக என்ன ஆனது? ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம் தாமதமாகத் தூங்கி, தாமதமாக எழுந்தார்கள். ஏனென்றால் பெரும்பாலோருக்கு உள்ளே இருக்கும் கடிகாரத்தின் ஒரு நாள் 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம்.

இதுவரை புரிகிறதா? புரியாவிட்டால் இன்னொரு முறை படி, அவசரமில்லை.

அப்படியானால் அந்தக் கடிகாரத்தை தினமும் திருத்தி வைக்க வேண்டுமே! அதைச் செய்வது காலை வெளிச்சம். அது கண்ணில் பட்டால் கடிகாரம் முன்னால் நகரும், ராத்திரி சீக்கிரம் தூக்கம் வரும். ராத்திரி வெளிச்சமோ அதைப் பின்னால் தள்ளும். படுக்கையில் செல்போன் பார்த்தால், "இன்னும் இருட்டவில்லை" என்று மூளை நினைத்துவிடும். காலையில் நீ படும் பாடு பாதி அங்கேதான் தொடங்குகிறது.

தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. நமக்குக் கடல் கிழக்கே. மலையோ காடோ மறைக்காமல் சூரியன் நேராகக் கடலிலிருந்து எழும். மே கடைசியில் ஆறு மணிக்குச் சற்று முன்பே வந்துவிடும். ஜனவரி கடைசியிலோ 6.35 தாண்டிவிடும். பள்ளிக்கூட மணி மட்டும் மாறாது! பொங்கல் சமயத்தில் எழுவது கூடுதல் கஷ்டமாக இருந்தால் உன்மேல் தப்பில்லை.

இந்தக் கரையில் ஒரு காலத்தில் பெரிய தொழிலே சூரியனையும் காற்றையும் பார்த்துத்தான் நடந்தது. சலாபம், அதாவது முத்துக்குளிப்பு. ராத்திரியில் தரை சீக்கிரம் குளிரும், கடல் மெதுவாகக் குளிரும். அதனால் கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும். அந்தக் காற்றில் பாய் விரித்து, விடியும்போது முத்துப் பார்களுக்கு, அதாவது சிப்பி வளரும் கடலடித் திட்டுகளுக்கு, போய்ச் சேர்வார்கள். அடியில் சிப்பி கண்ணுக்குத் தெரிய வெயில் வேண்டுமே! மதியத்துக்குப் பிறகு கடற்காற்றில் கரை திரும்புவார்கள். 1961க்குப் பிறகு இங்கே சலாபம் நடக்கவில்லை. ஆனால் அன்றாடம் விடிவெளிச்சத்தில் நனைந்த அந்த மனிதர்களின் கடிகாரம் எவ்வளவு ஒழுங்காக ஓடியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

நீ கடலுக்குப் போக வேண்டாம். எழுந்ததும் ஜன்னலைத் திற, இல்லாவிட்டால் வாசலுக்கு வந்து பத்து நிமிடம் நில். சூரியனை நேராக மட்டும் பார்க்காதே. முதல் அரைமணி நேரம் தலை கனக்கும். அது எல்லோருக்கும் உள்ளதுதான், தானே போய்விடும்.

ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஆறுக்கு எழ வேண்டுமானால் எத்தனை மணிக்குத் தூங்க வேண்டும்? நீயே கணக்குப் போடு. ஒன்பதுக்காவது, இல்லையா? இப்போது பதினொன்றுக்குத் தூங்குகிறாய் என்றால் ஒரேநாளில் மாற்றாதே. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால்மணி நேரம் முன்னால் கொண்டு வா. நன்றாகத் தூங்கியும் பகலெல்லாம் கண் சொருகினால், டாக்டரிடம் காட்டும்படி அம்மாவிடம் சொல்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு சேதி. சந்திரசேகரன் குழுவினர் வௌவால்களையும் ஆராய்ந்தார்கள். இருண்ட குகையில் கூண்டுக்குள் இருந்த வௌவால், மற்றவை வந்து போவதை உணர்ந்தே நேரம் தவறாமல் இருந்தது. காலிக் குகையில் தனியாக வைத்தபோது அதன் நேரம் பிசகியது. மனிதக் குழந்தைக்கும் சுற்றியிருப்பவர்கள் துணை வேண்டும். பிள்ளை படுக்கும் நேரத்தில் டி.வி.யை நிறுத்திவிடுங்களேன்!

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் கூடத் தூங்கிக்கொள், கண்ணு. பத்து மணிவரை இழுத்தால், திங்கட்கிழமை அம்மா மறுபடி மூன்று முறை கூப்பிட வேண்டியிருக்கும்.