மூன்றாவது ஸ்பெல்லை யார் வீசுவது?

2025–27 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் சுற்றில் இலங்கை அணிக்கு விழுந்திருக்கும் வெளிநாட்டுத் தொடர்கள் மூன்று: மேற்கிந்தியத் தீவுகள், பாகிஸ்தான், நியூஸிலாந்து. பந்துவீச்சைப் பொறுத்தவரை இவற்றில் மிகக் கடினமானது நியூஸிலாந்துதான். அந்த மண்ணில் இலங்கை வென்ற டெஸ்ட்கள் இரண்டே இரண்டு. 1995இல் நேப்பியரில் சமிந்த வாஸ் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட் எடுத்தார். இலங்கைக்கு வெளிநாட்டில் கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றியும் அதுவே. 2006இல் வெலிங்டனில் முத்தையா முரளிதரன் பத்து விக்கெட் எடுத்தார். முதல் இன்னிங்ஸில் லசித் மாலிங்க ஐந்து விக்கெட்டுடன் அவருக்குத் துணை நின்றார். அதற்குப் பின் அங்கே வெற்றி இல்லை.

காலியில் நிலைமை தலைகீழ். 2024 செப்டம்பரில் அதே நியூஸிலாந்து அங்கே 88 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் பிரபாத் ஜயசூரிய 6 விக்கெட்டை 42 ஓட்டங்களுக்கு அள்ளினார். காய்ந்து வெடிக்கும் காலி ஆடுகளம் முதல் நாளே சுழலுக்கு இடம் கொடுக்கும். கிரைஸ்ட்சேர்ச்சிலும் வெலிங்டனிலும் ஆடுகளத்தில் புல் விடப்படுகிறது. நாணயச் சுழற்சியில் வென்ற தலைவர் பெரும்பாலும் பந்துவீச்சையே எடுக்கிறார். அங்கே சுழற்பந்து வீச்சாளரின் வேலை ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு மூச்சு வாங்க நேரம் கொடுப்பது.

அந்த வேகப்பந்து வீச்சாளர்கள் இன்று இருக்கிறார்கள். முன்பு எப்போதும் இவ்வளவு பேர் ஒரே காலத்தில் இருந்ததில்லை என்றே சொல்லலாம். 2022இல் மிர்பூரில் பத்து விக்கெட் எடுத்த அசித்த பெர்னாண்டோ பந்தை இரு பக்கமும் நகர்த்துகிறார். லஹிரு குமாரவிடம் உண்மையான வேகம் இருக்கிறது. இடக்கைக்காரர் விஷ்வ பெர்னாண்டோ 2019இல் டர்பனில் எட்டு விக்கெட் எடுத்தவர். அந்தத் தொடரை 2–0 என்று வென்ற இலங்கைதான் தென்னாபிரிக்காவில் தொடரைக் கைப்பற்றிய முதல் ஆசிய அணி. மிலான் ரத்நாயக்க பந்தை ஒரே இடத்தில் குத்தக்கூடியவர். பின்வரிசையில் துடுப்பும் பிடிப்பார். 2024இல் இங்கிலாந்தின் ஓவல் மைதானத்தில் இந்த நால்வரையும் சேர்த்தே இறக்கினார்கள், முழுநேரச் சுழற்பந்து வீச்சாளர் ஒருவர்கூட இல்லாமல். இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்து 156க்கு விழுந்தது. பத்து விக்கெட்டும் நால்வருக்குமே. இலங்கை எட்டு விக்கெட்டால் வென்றது.

ஓவல் வெற்றியைக் காட்டி நியூஸிலாந்திலும் நம்பிக்கை வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் அந்த இன்னிங்ஸ் 34 ஓவர்களில் முடிந்துவிட்டது. நால்வரும் தலைக்கு எட்டு, ஒன்பது ஓவர் வீசினால் போதும்; யாரும் மூன்றாவது ஸ்பெல்லுக்குத் திரும்பி வரத் தேவையிருக்கவில்லை. எதிரணி நின்று ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு 2023 மார்ச்சில் நடந்த நியூஸிலாந்துச் சுற்றுப்பயணமே சாட்சி. கிரைஸ்ட்சேர்ச்சில் 285 ஓட்ட இலக்கை நியூஸிலாந்து கடைசி நாளின் கடைசிப் பந்தில், ஓர் உதிரி ஓட்டத்தால், இரண்டு விக்கெட் மீதமிருக்க எட்டியது. மழையால் சுருங்கிய அந்த நாளில் உயிரைக் கொடுத்து வீசியவர்கள், ஒரு வாரத்துக்குள் வெலிங்டனில் மறுபடி பந்தைக் கையில் எடுத்தார்கள். நியூஸிலாந்து நான்கு விக்கெட்டை மட்டும் இழந்து 580 ஓட்டங்களுடன் ஆட்டத்தை இடைநிறுத்தியது. கேன் வில்லியம்சன், ஹென்றி நிக்கல்ஸ் இருவரும் இரட்டைச் சதம். இலங்கை இன்னிங்ஸ் தோல்வி கண்டது.

இதில் திறமைக் குறைவைத் தேடிப் பயனில்லை. கூக்கபரா பந்து முதல் இருபது ஓவர் வரைதான் காற்றில் நன்றாக வளையும். பிறகு தையல் அமுங்கிவிடும். 80 ஓவருக்குப் பின் புதிய பந்து கைக்கு வரும்வரை உள்ள நேரம் உடலை வருத்தி வீசும் நேரம். புதிய பந்து வரும்போதும் கால்களில் வலு மிச்சம் இருக்க வேண்டும். ஓடிவந்து முன்காலை ஊன்றும்போது உடல் எடையின் பல மடங்கு விசை பாதத்தின் வழியாக முதுகெலும்புக்கு ஏறுகிறது. எலும்பும் தசையும் அந்தச் சுமைக்கு மாதக்கணக்கில், சிறிது சிறிதாகத்தான் பழகும். டி20இல் ஒருவர் வீசுவது 24 பந்து. ஒரு நீண்ட டெஸ்ட் இன்னிங்ஸில் அவரே 150 பந்து வீச வேண்டியிருக்கிறது. 24இலிருந்து 150க்கு ஒரே தாவலில் போகிற உடல் காயப்படும், அல்லது மூன்றாவது ஸ்பெல்லில் வேகத்தை இழக்கும். லஹிரு குமாரவின் டெஸ்ட் வாழ்க்கையில் காயங்கள் போட்ட இடைவெளிகள் கொஞ்சமல்ல.

உள்ளூர் முதல்தரப் போட்டிகள் இந்தப் பழக்கத்தைத் தருவதில்லை. பெரும்பாலான ஆடுகளங்கள் சுழலுக்குச் சாதகம்; புதிய பந்தில் ஆறேழு ஓவர் வீசிய பின் வேகப்பந்து வீச்சாளர் எல்லைக்கோட்டருகே போய் நின்றுவிடுகிறார். நாட்டின் டெஸ்ட் மைதானங்கள் கொழும்பு, மொரட்டுவ, கண்டி, காலி ஆகிய இடங்களைத் தாண்டியதில்லை. கிழக்கு மாகாணத்தில் இன்றுவரை ஒரு டெஸ்ட் போட்டியும் நடக்கவில்லை.

திருகோணமலையின் நிலாவெளிப் பக்கம் வந்தால் இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தெரியும். குச்சவெளி முதல் உப்புவெளி வரையான கரையோரத்தில் கச்சான் வீசும் மாதங்களில் மைதானங்கள் காய்ந்து கிடக்கும். அது கிரிக்கெட்டின் காலம். ஆனால் பெடியள் ஆடுவது பெரும்பாலும் மென்பந்து, அதுவும் சில ஓவர்களே கொண்ட சுற்றுப்போட்டி. மணலில் ஓடிக் கால் உரம் பெற்ற, காற்றை எதிர்த்து வீசிப் பழகிய ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு வேகம் இயல்பாகவே வந்துவிடுகிறது. வெலிங்டனின் ஓயாத காற்றில் வீசுவதற்கு இதைவிட நல்ல ஆரம்பப் பள்ளி கிடையாது. ஆனால் மென்பந்துக்குத் தையல் இல்லை. மணிக்கட்டை நேராக நிறுத்தித் தையலைத் தரையில் குத்த வைக்கும் வித்தை கடினபந்தில்தான் பிடிபடும். ஒரு நாளைக்கு 15 ஓவர் வீசி, மறுநாள் காலை எழுந்து மறுபடி வீசும் இரண்டு நாள் ஆட்டமும் அந்த வயதிலேயே வேண்டும். திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இரண்டும் அரிது. வாடைக்காற்றோடு மாரி தொடங்கியதும் உள்ள மைதானமும் நனைந்துவிடும். மூடிய பயிற்சிக்கூடம் இல்லாத ஊரில் பந்துவீச்சே மாதக்கணக்கில் நின்றுபோகும். யாழ்ப்பாணத்திலிருந்து விஜயகாந்த் வியாஸ்காந்த் மேலே வந்திருக்கிறார். அவர் லெக் ஸ்பின்னர். வடக்கு கிழக்கின் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு அந்த வழி இன்னும் திறக்கவில்லை.

நியூஸிலாந்துக்கான அணிப்பட்டியலில் பிரபாத் ஜயசூரியவை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றவர்களை யோசிக்க வேண்டும் என்று வாதிடுபவர்கள் உண்டு. 2006இல் வெலிங்டனில் முரளி செய்ததை அவர்கள் நினைவூட்டுகிறார்கள். முரளி எந்த ஆடுகளத்திலும் பந்தைத் திருப்பியவர். அந்த அளவுகோலை இன்னொருவர் தலையில் வைப்பது நியாயமாகாது.

தொடரில் இருப்பது இரண்டு டெஸ்ட்கள். அவற்றுக்கு நான்கு பேர் போதாது, ஆறு வேகப்பந்து வீச்சாளர்கள் பயணப்பட வேண்டும். முதல் டெஸ்டில் 40 ஓவருக்கு மேல் வீசியவரை இரண்டாவதில் ஓய்வெடுக்க வைக்கும் துணிவும் வேண்டும். புறப்படுவதற்கு முன் ஒவ்வொருவரும் உள்ளூரில் புல் விட்ட ஆடுகளத்தில் நான்கு நாள் ஆட்டம் இரண்டேனும் ஆடி, வாராவாரம் ஓவர் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். விஷ்வ 1991இல் பிறந்தவர். அவருக்குப் பின் இடக்கைக் கோணத்தைத் தருவதற்கு ஒருவரை இந்தப் பயணத்திலேயே உடன் கூட்டிச் செல்வது அவசியம். கிரைஸ்ட்சேர்ச்சில் காலை 11 மணிக்கு முதல் பந்து விழும்போது நிலாவெளியில் அதிகாலை மூன்றரை. ஆட்டம் கைமாறும் நேரம் அங்கே மாலைத் தேநீர் இடைவேளைக்குப் பிறகு, பந்துக்கு 60 ஓவர் வயதாகியிருக்கும்போது; அசித்தவும் குமாரவும் அந்த வேளையில் எந்த வேகத்தில் ஓடிவருகிறார்கள் என்பதைப் பார்த்தே இந்தப் பந்துவீச்சுப் படையை எடைபோட முடியும்.