குளிர்காற்று உள்ளிழுப்பி

குளிர்காற்று உள்ளிழுப்பி என்பது வாகனத்துடன் வரும் காற்று வடிகட்டிப் பெட்டிக்கும் குழாய்க்கும் மாற்றாகப் பொருத்தப்படும் அமைப்பு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் பிக்கப் டிரக் உரிமையாளர்கள் பலர் எஞ்சின் திறனைக் கூட்டும் நோக்கில் இதனை வாங்குகின்றனர்.

தத்துவம்

குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. காற்றின் வெப்பநிலை 3 °செ குறைந்தால் அடர்த்தி ஏறத்தாழ 1% கூடும். ஆக்சிசன் கூடுதலாகக் கிடைப்பதால் எஞ்சின் கூடுதல் எரிபொருளை எரித்து அதிகத் திறனைத் தரும்.

பயன்

இக்கால டிரக்குகளின் மூல அமைப்பே பெரும்பாலும் வெளிக்காற்றை இழுக்கிறது. ஆகவே ஆதாயம் சிறிதே. அதுவும் எஞ்சின் மிகு வேகத்தில் சுழலும்போதே கிடைக்கும். உறையில்லாத வடிகட்டி எஞ்சின் அறையின் வெப்பக்காற்றை இழுத்தால் திறன் குறையவும் கூடும். எரிபொருள் சிக்கனமும் எதிர்பார்க்கத்தக்கதன்று. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தின் 2009 ஆம் ஆண்டு ஆய்வில், கணினிக் கட்டுப்பாடுள்ள பெட்ரோல் எஞ்சின்களில் அடைபட்ட வடிகட்டிக்குப் பதில் புதியதை இட்டபோதும் எரிபொருள் செலவு குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை.

குறைகள்

- எண்ணெய் தடவிய பருத்தி வடிகட்டியிலிருந்து எண்ணெய் காற்றோட்ட உணரியில் படியலாம்.
- நுண்தூசி உட்புகுந்தால் உருளைகளும் உந்துதண்டு வளையங்களும் விரைவில் தேயும்.
- வடிகட்டி தாழ்வாக அமைந்தால், தேங்கிய நீரைக் கடக்கும்போது நீர் உறிஞ்சப்பட்டு இணைப்புத் தண்டு வளையலாம்.

சாதாரணப் பயன்பாட்டிற்கு மூல அமைப்பும் தூய வடிகட்டியுமே போதுமானவை.