நார்வே தொழிலாளர்கள் ‘வேண்டாம்’ என்றது ஏன்?

இங்குள்ள பேரங்காடிகளில் குளிர்ப்பெட்டியைத் திறந்தால் நார்வே சால்மன் மீன் இருக்கும். அந்த நாட்டைப் பற்றிப் பலருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஐரோப்பாவின் செல்வந்த நாடுகளில் ஒன்று, எண்ணெய் வளம் மிக்கது, ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் அது உறுப்பினர் அல்ல. இருமுறை கதவு திறந்தபோதும் மக்கள் உள்ளே போக மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பில் தொழிற்சங்கங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதில் வியப்பு என்னவென்றால், சேர வேண்டும் என்று முனைந்து நின்றதே தொழிலாளர் கட்சிதான். 1972-ல் பிரதமராக இருந்த திரிக்வே பிராத்தெலி அக்கட்சியின் தலைவர். அவ்வாண்டு ஜனவரியில் பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க் ஆகிய நாடுகளோடு சேர்ந்து நார்வேயும் அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இணையும் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. எல்.ஓ. என்று அழைக்கப்படும் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைமையும் கட்சியின் பக்கமே நின்றது. கட்சியும் சங்கமும் அங்கே ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒருவர் சொல்லை மற்றவர் மீறுவது வழக்கமில்லை.

ஆனால் அடிமட்டம் மீறியது. கட்சியின் இளைஞர் பிரிவு எதிர்த்தது. சங்கத்துக்குள்ளேயே உறுப்பினர் சேர்க்கையை எதிர்க்கும் தகவல் குழு ஒன்று உருவாகி, தொழிற்கூடம் தொழிற்கூடமாகப் போய்ப் பேசியது. முதலாளிகளின் சந்தைக்காக அமைக்கப்பட்ட ஏற்பாட்டில் தொழிலாளிக்கு என்ன பேச்சுரிமை இருக்கும், மூலதனம் எல்லை தாண்டி எங்கும் போகலாம் என்றால் சம்பளப் பேச்சில் சங்கத்தின் பிடி என்னாவது என்று அவர்கள் கேட்டார்கள்.

மீனவர்களின் அச்சம் இன்னும் நேரடியானது. உறுப்பு நாடுகளின் கடலில் எல்லாரும் மீன் பிடிக்கலாம் என்ற கொள்கையை அந்தச் சமூகத்தின் ஆறு நாடுகளும் 1970-ல் வகுத்தன. புதிய நாடுகள் வாசலில் நிற்கும் வேளையில் அவசரமாக வகுத்த விதி என்று மீனவர்கள் குமுறினார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மீன்வளத்துறை அமைச்சர் குனுட் ஹூம், கிடைத்த சலுகை போதாது என்று 1972 ஜனவரியில் பதவி விலகினார். அரசின் சொந்த அமைச்சரே இப்படிச் சொன்ன பிறகு வடக்குக் கடலோர மக்களை யார் சமாதானப்படுத்த முடியும்?

‘ஒன்றியம்’ என்ற சொல்லும் அங்கே கசப்பானது. 1814 வரை நானூறு ஆண்டுகளுக்கு மேலாக டென்மார்க்கோடும், அதன் பிறகு 1905 வரை சுவீடனோடும் பிணைக்கப்பட்டிருந்த நாடு அது.

1972 செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 53.5 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். சொன்னபடியே பிராத்தெலி பதவி விலகினார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் தொழிலாளர் கட்சிக்குக் கிடைத்தது 35.3 விழுக்காடு. 1969-ல் அது பெற்றதோ 46.5. எதிர்ப்பாளர்களில் ஒரு பகுதியினர் சேர்ந்துகொண்ட இடதுசாரிக் கூட்டணி 16 இடங்களைப் பிடித்தது.

அந்தக் காயத்தால் இருபது ஆண்டுகளுக்கு இந்தப் பேச்சை எடுக்கவே தலைவர்கள் அஞ்சினார்கள். 1992 நவம்பரில் பிரதமர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் மீண்டும் விண்ணப்பித்தார். இம்முறை எல்.ஓ. தலைமை தானே முடிவு செய்துவிடாமல், 1994 செப்டம்பர் 22-ல் சிறப்பு மாநாட்டைக் கூட்டியது. கூட்டமைப்பின் தலைவர் இங்வே ஹோகன்சென் சேரலாம் என்ற பக்கம். பேராளர்கள் வாக்களித்தபோது, எதிர்ப்பு 156, ஆதரவு 149. நான்கு பேர் மாற்றி வாக்களித்திருந்தால் முடிவே மாறியிருக்கும்.

ஏற்றுமதித் தொழிலில் இருந்தவர்கள் சந்தை வேண்டும் என்றார்கள். அவர்களுடைய வேலையே அதை நம்பித்தான். நகராட்சி, மருத்துவமனை, பள்ளி ஊழியர்களின் கணக்கு வேறு. ஒன்றியத்தின் பொது நாணயத் திட்டத்தில் வரவுசெலவுப் பற்றாக்குறை 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, கடன் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று வரம்பு இருந்தது. அரசு இறுக்கிப் பிடித்தால் முதலில் வெட்டுப்படுவது தங்கள் துறைதான் என்று அவர்கள் கருதினார்கள். இரு தரப்பும் தொழிலாளர்களே, இரு தரப்பும் வேலையைக் காக்கவே வாக்களித்தன.

முதலில் பின்லாந்து, அடுத்து சுவீடன், கடைசியாக நார்வே என்று வாக்கெடுப்புகள் வரிசையாக அமைந்தன. அண்டை வீட்டார் போனால் நாமும் போவோம் என்று மக்கள் நினைப்பார்கள் என்பது ஆதரவாளர்களின் நம்பிக்கை. பின்லாந்து சேர்ந்தது, சுவீடனும் சேர்ந்தது. நார்வேயில் 1994 நவம்பர் 28-ல் 52.2 விழுக்காட்டினர் மறுத்தார்கள். தலைநகர் ஆஸ்லோ பெருவாரியாக ஆதரிக்க, வட மாநிலங்கள் மூன்றிலும் எதிர்ப்பு 70 விழுக்காட்டைத் தாண்டியது.

அதோடு தொழிலாளர்கள் தப்பித்துவிட்டார்களா? இங்கேதான் சிக்கல். அந்த வாக்கெடுப்புக்கு முன்பே, 1994 ஜனவரியில், ஐரோப்பியப் பொருளாதார வட்டார உடன்பாடு நடப்புக்கு வந்துவிட்டது. மீன்வளமும் வேளாண்மையும் அதில் பெரும்பாலும் அடங்கா. மற்றபடி சந்தை விதிகளை நார்வே ஏற்றாக வேண்டும். அவற்றை முடிவு செய்யும் அவையில் அதற்கு வாக்கு இல்லை. பிரசல்ஸ் அனுப்புவதைப் பெற்றுக்கொள்ளும் ‘தொலைநகல் ஜனநாயகம்’ என்று நார்வேக்காரர்களே கேலி செய்தார்கள்.

அதன் விலையைத் துறைமுகத் தொழிலாளர்கள் அறிந்தார்கள். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் சங்கத் தொழிலாளர்களுக்கே முன்னுரிமை என்ற பழைய கூட்டு ஒப்பந்தம் உண்டு. திராமன் துறைமுகத்தில் ஹோல்ஷிப் என்ற, டென்மார்க் உரிமையாளர்களைக் கொண்ட நிறுவனம் அதில் சேர மறுத்துத் தன் ஆட்களையே பயன்படுத்தியது. போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் 2013-ல் புறக்கணிப்பு அறிவித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016 டிசம்பரில், பத்து நீதிபதிகள் ஒரு பக்கமும் ஏழு பேர் மறுபக்கமுமாக, அந்தப் புறக்கணிப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்பானது. எந்த நாட்டு நிறுவனமும் தடையின்றித் தொழில் நடத்தலாம் என்ற பொருளாதார வட்டார உடன்பாட்டின் உரிமையே அங்கே எடை போட்டது. சங்கங்கள் ஸ்திராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றன. சங்க உரிமை மீறப்படவில்லை என்று 2021 ஜூனில் அங்கும் தீர்ப்பு வந்தது.