வாய்ப்பாடு பாடிய கார்ட்டூன்!

குட்டீஸ்... புதுப் படத்தின் பாட்டு என்றால் ஒரு வரி விடாமல் பாடுவீர்கள். எட்டாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் மட்டும் திருதிருவென விழிப்பீர்கள். சரிதானே? கவலைப்படாதீர்கள். அமெரிக்காவில் ஒரு சிறுவனும் இப்படித்தான் இருந்தான்!

அவனுடைய அப்பா டேவிட் மெக்கால், நியூயார்க்கில் விளம்பர நிறுவனம் நடத்தியவர். ராக் பாடல்களை மனப்பாடமாகப் பாடும் மகனுக்கு, பெருக்கல் வாய்ப்பாடு மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. வாய்ப்பாட்டையே பாட்டாக்கி விட்டால் என்ன என்று யோசித்தார் அப்பா. பாப் டோரோ என்ற இசைக் கலைஞர், மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு அழகாக மெட்டுப் போட்டுக் கொடுத்தார். பாட்டைக் கேட்ட நிறுவனத்து ஓவியர், அதற்குப் படமும் வரைந்து விட்டார்!

இப்படிப் பிறந்தவைதான் 'ஸ்கூல்ஹவுஸ் ராக்' கார்ட்டூன்கள். 1973 ஜனவரியில் 'ஏ.பி.சி.' தொலைக்காட்சியில் ஆரம்பித்தன. ஒரு படம் சுமார் 3 நிமிடம்தான். பிறகு வீடியோ கேசட்டாகவும், டி.வி.டி.யாகவும் வந்து வகுப்பறைக்குள்ளும் நுழைந்தன.

இலக்கணப் பாடம் ஒன்றைப் பாருங்கள். அதில் சொற்கள் எல்லாம் ரயில் பெட்டிகள்! 'அண்ட்', 'பட்', 'ஆர்' ஆகிய இணைப்புச் சொற்கள், பெட்டிகளைக் கோக்கும் கொக்கிகள். கரும்பலகையில் பத்து முறை எழுதிப் போட்டாலும் புரியாதது, பெட்டிகள் சேர்ந்து ஓடும்போது பளிச்சென்று புரிந்து விடும்.

ஆனால், கார்ட்டூனும் தப்பு செய்யும்!

1975ல் அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின் முகவுரையைப் பாட்டாக்கினார்கள். அதன் தொடக்கத்தில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்று நாட்டின் பெயர் வரும். பாட்டில் அந்த இடத்தையே காணோம்! பாட்டை மட்டும் நம்பித் தேர்வு எழுதினால் மார்க் போய்விடும்.

1978ல் வந்த இன்னொரு படத்தில், புளூட்டோவும் ஒரு கோள். அப்போது அது சரிதான். 2006ல் விஞ்ஞானிகள் அதைக் 'குள்ளக் கோள்' என்று மாற்றி விட்டார்கள். படம் மாறவில்லை, பாடம் மாறிவிட்டது!

அதனால், வகுப்பில் கார்ட்டூன் போட்டால் கைதட்டுவதோடு நிறுத்தி விடாதீர்கள். புரியாத இடத்தில் நிறுத்தச் சொல்லி டீச்சரிடம் கேளுங்கள். படம் முடிந்ததும் பார்த்ததை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாய்ப்பாட்டுப் பாட்டுக்கும் ஒரு சோதனை உண்டு. 'மூவெட்டு எவ்வளவு?' என்று திடீரெனக் கேட்டால், பாட்டை முதலில் இருந்து பாடிப் பார்க்காமல் '24' என்று சொல்ல வேண்டும். சொல்லி விட்டால், பாட்டு மட்டும் அல்ல, கணக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம்!

இந்த ஞாயிற்றுக்கிழமை ஏழாம் வாய்ப்பாட்டுக்கு நீங்களே ஒரு மெட்டுப் போடுங்கள். படம் வரையத் தெரிந்த நண்பனையும் சேர்த்துக் கொள்ளுங்கள். என்ன குட்டீஸ், ரெடியா?