சாக்கிலும் வாளியிலும் மரக்கறி

பதினாறு பரப்பில் மிளகாயும் வெங்காயமும் செய்த கமக்காரர் ஒருவரிடம் போய், "நாலு வாளியில் கத்தரி நட்டுப் பாருங்கள்" என்று சொன்னால் அவருக்குச் சிரிப்பு வரும்; சில வேளை கோபமும் வரும். இரண்டிலும் நியாயம் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய குடும்பங்களில் ஒரு பகுதியினர் இன்றைக்கும் தங்கள் காணிக்குத் திரும்பவில்லை. வாய்க்காலில் தண்ணீர் கட்டிப் பழகிய கைக்குப் பேணியால் தண்ணீர் ஊற்றுவது பிள்ளைகளின் விளையாட்டாகவே தெரியும்.

இதற்கு அப்பால் இன்னொரு தயக்கமும் இருக்கிறது. மற்றவரின் காணியில் போட்ட கொட்டிலைச் சுற்றி எதையாவது நாட்டினால், இங்கேயே தங்கிவிடச் சம்மதித்ததாக ஆகிவிடும் என்று நினைக்கும் முதியவர்கள் உண்டு. காணிக்காரருக்கும் அதே பயம் மறுபக்கமாக உண்டு: ஒரு மாவும் ஒரு முருங்கையும் வேர்விட்டால் பிறகு ஆட்களை எழுப்ப முடியாது என்று. சாக்கில் வளரும் செடிக்கு இந்த வழக்கு இல்லை. அது எவருடைய நிலத்திலும் வேர்விடவில்லை. போகும்போது கூடவே வரும்.

இதனால் சோற்றுக்கு வழி பிறக்காது. நெல்லும் வெங்காயமும் நிலம் கேட்கும் பயிர்கள். ஆனால் 2022இல் கடை மரக்கறி கைக்கெட்டாமற் போனபோது, முற்றத்தில் பறித்த ஒரு பிடி கீரைக்கும் நாலு பச்சை மிளகாய்க்கும் என்ன பெறுமதி என்று எல்லா வீட்டாரும் கண்டுகொண்டோம். ஆகவே ஒருமுறை பிடுங்கி முடிக்கும் பயிரைவிட, மாதக்கணக்கில் பறிக்கக்கூடியவற்றுக்கே இடம் கொடுக்க வேண்டும்: மிளகாய், கத்தரி, கொடிப் பசளி, வல்லாரை, பொன்னாங்காணி, கறிவேப்பிலை. ஐந்து பேருள்ள வீட்டுக்கு நாலு மிளகாய், நாலு கத்தரி, இரண்டு பசளி என்று தொடங்கினால் போதும். முளைக்கீரை மட்டும் விலக்கு. அது பிடுங்கும் பயிர்தான். ஆனாலும் நாலு வாரத்தில் கறிக்கு வந்துவிடும். மூன்று பெட்டிகளில் பத்து நாள் இடைவெளி விட்டு விதைத்தால் மாதம் முழுவதும் கீரை இருக்கும்.

அனுபவமுள்ள கமக்காரரே இதில் தவறிப்போவதைப் பல இடங்களில் காண்கிறோம். காரணம், சாடி என்பது ஒரு சின்னத் தோட்டம் அல்ல. குளித்துவிட்டுத் துவாயைக் கொடியில் போட்டால் மேற்பாதி முதலில் காயும். கீழ்க்கரை கடைசிவரை ஈரமாக இருக்கும். மண்ணும் அப்படித்தான். தோட்டத்தில் அந்த ஈரக்கரை வேருக்கு எட்டாத ஆழத்தில் கிடக்கிறது. சாடியிலோ அடியிலிருந்து சில அங்குலம் வரை அந்தக் கரைதான். யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டத்தில் நன்றாக வடியும் மண். அதையே வெட்டி 6 அங்குல உயரச் சட்டியில் அமத்தி நிரப்பினால், இறுகி, வேர் நிற்கும் இடம் முழுவதும் ஈரக்கரையாகிவிடும். காற்றில்லாமல் வேர் அழுகும், செடி வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம்.

ஆகவே மண்ணைத் தனியாகப் போடாதீர்கள். மேல்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு. தும்புத்தூள் கிடைத்தால் மணலின் பாதிக்குப் பதிலாகச் சேர்க்கலாம். ஆனால் அதில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் கழுவிய பிறகே சேர்க்க வேண்டும். உக்காத சாணத்தைக் கலந்தால் அது சாடிக்குள்ளேயே சூடேறி இளவேரைச் சுட்டுவிடும்.

அடியில் ஒரு பிடி கல் பரப்பினால் தண்ணீர் வடியும் என்று பல கைநூல்களில் எழுதியிருக்கிறார்கள். நாம் இதற்கு உடன்படுவதில்லை. மேலுள்ள மண் ஊறி நிறையும் வரைக்கும் தண்ணீர் கல்லுக்குள் இறங்காது. கல் போட்ட உயரத்துக்கு ஈரக்கரையும் மேலே ஏறும். வேருக்கான இடம்தான் குறையும். துவாரத்தின் மேல் ஒரு ஓட்டுத்துண்டை வைத்தால் போதும், அதுவும் மண் ஒழுகாமல் இருப்பதற்கே. துவாரம் சுண்டுவிரல் பருமனில் நாலாவது இருக்க வேண்டும்.

பாத்திரத்துக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. 50 கிலோ உரப்பையின் வாயைப் பாதிவரை வெளிப்புறமாக மடித்தால் மிளகாய்க்கோ கத்தரிக்கோ தேவையான ஆழம் வரும். இவற்றுக்கு 12 அங்குலமாவது வேண்டும். தக்காளிக்கு 15 லீற்றருக்குக் குறையாத வாளி. கீரைக்கு 6 அங்குல உயரமான மீன்பெட்டியோ உடைந்த பேசினோ போதும். உரப்பை வெயிலில் நைந்துபோகும் என்பதால் இரண்டு பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போடுங்கள். உரம் இருந்த பையைக் கழுவிவிட்டே பாவியுங்கள். பூச்சிமருந்து இருந்த கலனை, எத்தனை முறை கழுவினாலும், உணவுப் பயிருக்கு எடுக்கக் கூடாது. நிரப்ப முன்னரே இடத்தைத் தீர்மானியுங்கள்: 10 லீற்றர் மண் நனைந்தால் ஏறக்குறைய 15 கிலோ நிறுக்கும். காய்க்கும் செடிக்கு நாளுக்கு ஆறு மணித்தியால வெயிலாவது வேண்டும். கொட்டிலின் நிழல் விழும் பக்கத்தைக் கீரைக்கும் வல்லாரைக்கும் விடுங்கள்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் சாடிகளைத் தனித்தனியே வைக்காமல் நெருக்கி வைப்பது நல்லது. ஒன்றின் நிழல் மற்றதன் சுவரில் விழும். மேற்கு வெயில் படும் வரிசைக்குக் கிடுகு அல்லது பனையோலை சாத்துங்கள். கறுப்பு வாளி பின்னேரத்தில் தொட முடியாமல் சுடும், உள்ளே அந்தப் பக்கத்து வேரும் வெந்துவிடும். மேல்மண்ணைச் சருகால் மூடுங்கள்.

தண்ணீர் எப்போது ஊற்றுவது? விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் விடுங்கள். தட்டாவிட்டால் அடியால் ஒழுகும்வரை ஊற்றுங்கள். ஊற்றியவுடனே ஒழுகினால் மண் காய்ந்து சுவரைவிட்டு விலகியிருக்கிறது, தண்ணீர் ஓரத்தால் ஓடுகிறது என்று பொருள். அப்போது சிறிது சிறிதாக இரண்டு மூன்று தடவை ஊற்ற வேண்டும். குடத்தில் சுமந்து வரும் இடங்களில் அரிசி கழுவிய தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் செடிக்கே போகட்டும். சவர்க்காரத் தண்ணீர் வேண்டாம். உவர்க் கிணறு என்றால் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூக்கும்; மழைத் தண்ணீரைப் பிடித்து இடைக்கிடை நிறைய ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள். அவ்வாறான இடத்தில் பயிற்றை பெரும்பாலும் சரிவராது, முளைக்கீரை ஓரளவு தாங்கும். சாடியின் கீழ்த் தட்டிலும் பழைய ரயரிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு நுளம்பு அங்கேதான் முட்டையிடும்; நெருக்கமான குடியிருப்பில் ஒரு வீட்டின் கவனயீனம் அயலையும் பாதிக்கும்.

நாளாந்தம் ஊற்றும் தண்ணீரோடு பசளையும் கழுவுண்டு போகிறது. தோட்டத்தில் போல அடிக்கட்டாக ஒருமுறை போட்டுவிட்டு இருக்க முடியாது. சாணத்தையும் சீமைக்கிளுவை இலையையும் ஒரு வாளியில் மூடி ஒரு கிழமை ஊறவிட்டு, வடித்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஊற்றுங்கள். மணம் நன்றாயிராது, அயலவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம். கோழியும் ஆடும் வரும் இடத்தில் இலந்தை முள்ளே முதல் மருந்து.

விதை விடயத்தில் நாம் சற்றுப் பிடிவாதக்காரர். எம்.ஐ.2 மிளகாய், திருநெல்வேலி ஊதாக் கத்தரி போன்ற இனங்களில் எடுத்த விதை தாயைப் போலவே முளைக்கும். கலப்பின விதை அப்படி முளைக்காது. நல்ல செடி ஒன்றில் இரண்டு காய்களைப் பறிக்காமல் பழுக்க விடுங்கள். அந்த விதையை நிழலில் உலர்த்தி, சிறிது சாம்பலோடு போத்தலில் அடைத்து, போட்ட திகதியை எழுதி வையுங்கள். தலையணை அளவு பொதியில் ஒரு தோட்டத்துக்கான விதையையே கொண்டுபோகலாம்.

பழமரம் வேண்டுமென்றால் தேசியும் மாதுளையும் நல்லவை. பரலை இரண்டாக வெட்டினால் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு கன்று. ஒட்டுக்கன்று விரைவில் காய்க்கும். வருடத்துக்கு ஒருமுறை மேல்மண்ணில் நாலு விரற்கடை எடுத்துவிட்டுப் புதிய எரு போடுங்கள். காணி விடுபட்டுத் திரும்பிப் போய் நிலத்தில் நடும்போது, பரலோடு சுற்றிய வேர்களை அப்படியே புதைக்க வேண்டாம். அவை நிலத்திலும் வட்டமாகவே சுற்றிக்கொண்டிருக்கும். கூரான கத்தியால் வேர்க்கட்டியின் நாலு பக்கமும் மேலிருந்து கீழாக ஒரு அங்குல ஆழத்துக்குக் கீறிவிட்டு, மழை தொடங்கும் ஐப்பசியில் நடுங்கள்.