வானொளியைக் கழித்தலும் அதில் நேரும் பிழைகளும்

இரவு வானம் முற்றிலும் இருண்டது என்று நாம் எண்ணுகிறோம். தொலைநோக்கிக்கு அது அவ்வாறன்று. காற்று மண்டலத்தின் மேலடுக்குகள் தாமே மங்கலாக ஒளிர்கின்றன. நிலவொளி எங்கும் பரவுகிறது. ஊர்களின் விளக்கொளியும் வந்து சேர்கிறது. தில்லி போன்ற பெருநகரின் வானத்தில் பெரும்பாலான விண்மீன்களை இவ்வொளியே மறைத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் ஆராய்ச்சி நிலையத்தில், 1986-இல் தொடங்கிவைக்கப்பெற்ற 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் இதற்கு விலக்கன்று.

ஆகவே, படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் பதிவாகும் எண், விண்மீனின் ஒளியும் வானொளியும் சேர்ந்த தொகையே ஆகும். ஒரு புள்ளியில் 1,040 என்று பதிவாகியுள்ளது எனவும், வானொளி 1,000 எனவும் கொள்வோம்; விண்மீனுக்குரியது 40. வானொளியைத் தவறாக 1,010 என மதிப்பிட்டால் எஞ்சுவது 30 மட்டுமே. வானொளியில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை, விண்மீனின் ஒளியில் நாலில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது!

இம்மதிப்பீட்டைக் கணிப்பொறி எவ்வாறு செய்கிறது? 1996-இல் வெளியான 'சோர்ஸ் எக்ஸ்ட்ராக்டர்' போன்ற செயல்நிரல்கள் படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் மிகையாக ஒளிரும் புள்ளிகளை நீக்கி, எஞ்சியவற்றிலிருந்து வானொளியைக் கணிக்கின்றன. பின்னர் அம்மதிப்புகளை இணைத்து, சீரான ஒரு பரப்பை அமைத்துக் கழிக்கின்றன.

இம்முறையில் மூன்று கோளாறுகள் அடிக்கடி தோன்றும். அண்டம் ஒன்றைச் சுற்றிக் கரிய வளையம் காணப்படின், கட்டம் மிகச் சிறியது என்பது பொருள். அண்டத்தின் ஒளியையே வானொளியெனக் கருவி கழித்துவிட்டது. கட்டத்தைப் பெரிதாக்குதல் அல்லது அண்டத்தை மறைத்துக் கணித்தல் இதற்குப் பரிகாரம். படத்தின் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருப்பின், படம் முழுவதற்கும் ஒரே எண்ணைக் கழித்திருக்கலாம். அல்லது கருவியின் சீரற்ற உணர்திறனை முன்னரே திருத்தாது விட்டிருக்கலாம். இருண்ட இடங்களில் கண்கூசும் புள்ளிகள் தோன்றின், எண்களைச் சேமித்த முறையை ஆராய்தல் வேண்டும். குறைவெண்களை ஏற்காத 16 இருமக் கணக்கில், 3-இலிருந்து 5-ஐக் கழித்தால் 65,534 என்று வரும்! தசம எண்களாக மாற்றிய பின்னரே கழித்தல் வேண்டும்.

சோதனை எளிது. கழித்த பின்னர், விண்மீனற்ற இடங்களின் எண்கள் பூச்சியத்தின் இருபுறமும் ஏறக்குறையச் சமமாகச் சிதறியிருத்தல் வேண்டும். அண்டங்களின் வெளி விளிம்புகள் வானொளியில் நூற்றில் ஒரு பங்கினும் மங்கியவை. கழித்தல் பிழையாயின், அவை இருந்தன என்பதே எவருக்கும் தெரியாமற் போய்விடும்.